குறைந்த இரண்டு கதவுகள்

இண்டூர் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், உரக்கடையின் மாடியில், அருள்குமாரும் தேவிப்பிரியாவும் சின்ன ரயில் பெட்டிகளும் சின்னக் கட்டடங்களும் செய்துவந்தார்கள். படிக்கட்டில் தொங்கிய பலகையில் லேசர் கட்டிங், கல்யாணப் பத்திரிகை, பெயர்ப்பலகை, சாவிக்கொத்து என்றுதான் எழுதியிருந்தது. அந்த வேலைகளும் வந்தன. ஆனால் பகல் பொழுதில் பெரும்பகுதி ரயிலுக்குத்தான் போனது.

உலகத்தில் வீட்டுக்குள் பொம்மை ரயில் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் நிஜ ரயிலின் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில் ஓட்டுகிறார்கள். இடம் குறைவாக உள்ளவர்கள் நூற்றறுபதில் ஒரு பங்குக்குப் போகிறார்கள். அறுபத்துநாலில் ஒரு பங்கு என்று ஓர் அளவு உண்டு. அதை எஸ் அளவு என்பார்கள். அதில் ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர். அவர்களிலும் இந்திய ரயில் மீது ஆசை உள்ளவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களுக்கென்று எந்தக் கம்பெனியும் எதுவும் செய்வதில்லை. அதனால்தான் இண்டூர் மாடியில் இரண்டு பேர் செய்தது ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு வரைக்கும், இங்கிலாந்தில் ஷெஃபீல்டு வரைக்கும் போனது.

சரக்கு வண்டிகள் அருள்குமாரின் பொறுப்பு. நிஜ வண்டியின் பக்கவாட்டுத் தகட்டில் எத்தனை ஆணித்தலைகள் இருக்கின்றனவோ அத்தனையும் அவன் 3டி பிரிண்டரில் அச்சடித்த பெட்டியில் இருக்கும். கட்டடங்கள் தேவிப்பிரியாவுடையவை. அவள் பாலிடெக்னிக்கில் சிவில் படித்து, தர்மபுரியில் ஒரு இன்ஜினியரிடம் ஆறு வருஷம் வீட்டு பிளான் வரைந்தவள். அறுபத்துநாலில் ஒரு பங்கு என்பது ஆசாரிக் கணக்கில் ஓர் அடிக்கு ஒன்றரை நூல். அந்தக் கணக்கு அவளுக்குப் பிடித்திருந்தது. கால்குலேட்டர் இல்லாமலேயே எந்தச் சுவரையும் மனசுக்குள் சுருக்கிப் பார்த்துவிடுவாள். வாங்குகிறவர்களே ஒட்டிக்கொள்ளும்படி வெட்டிய துண்டுகளை அடுக்கிய ஒவ்வொரு கட்டடப் பெட்டியின் மூடியிலும் 'நேரில் அளந்து செய்தது, அளவு மாறாதது' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட சீட்டைத் தன் பெயரோடு ஒட்டியிருப்பாள்.

மொரப்பூர் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு புளி குடோன் இருந்தது. கம்பைநல்லூரில் புளி வியாபாரம் செய்த ஒரு குடும்பத்துக்குச் சொந்தமானது. சுண்ணாம்புக் காரை பூசிய கல்சுவர், மேலே நாட்டு ஓடு, சாலையைப் பார்த்து வரிசையாகப் பெரிய மரக்கதவுகள். ரயிலில் போகும்போதெல்லாம் தேவிப்பிரியா அதைப் பார்த்திருக்கிறாள். 2021 பிப்ரவரியில் ஒருநாள் டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு போனாள். முதல் கதவை அளப்பதற்குள் மேஸ்திரி ஒருவர் வந்து, முதலாளி மாதவராஜ் யாரையும் அளக்க விடக்கூடாது என்று சொல்லியிருப்பதாகச் சொல்லி விரட்டினார்.

குடோனுக்குத் தெற்கே இருந்த காலி மனையில் ஒரு பெண் புளி காய வைத்துக்கொண்டிருந்தார். மாதவராஜின் தம்பி தர்மனின் மனைவி பானுமதி. அவர்தான் தேவிப்பிரியாவைக் கூப்பிட்டு, எதற்கு அளக்கிறாய் என்று கேட்டார். பொம்மை செய்வதற்கு என்றதும் சிரித்தார். பிறகு மேஸ்திரியிடம் போய், இந்தப் பெண் தனக்கு வேண்டியவள், அளந்துவிட்டுப் போகட்டும் என்றார். தேவிப்பிரியா துணைக்கு ஆள் இல்லாமல் தனியாக வந்திருந்ததால் டேப்பின் மறுமுனையையும் அவரே பிடித்தார். இரண்டு பேரும் வடக்கு மூலையிலிருந்து தெற்கு மூலை வரை அளந்தார்கள்.

கதவுகள் ஏழு. கதவு ஒன்றுக்கு, சுவரோடு சேர்த்து, பன்னிரண்டு அடி. மொத்தம் எண்பத்துநாலு. அதற்குப் பிறகு மூன்றடிச் சந்து. சந்தைத் தாண்டி சிமெண்ட் கல்லில் கட்டிய பத்தடி எடை ரூம். அதன் தெற்குச் சுவரை ஒட்டி ஒரு வேப்பமரம். எல்லாம் நோட்டில் ஏறியது.

இண்டூர் வந்து கணக்குப் போட்டபோது சிக்கல் தெரிந்தது. எண்பத்துநாலு அடி என்றால் பதினைந்தே முக்கால் அங்குலம். அப்போது அவர்களிடம் இருந்த லேசர் மெஷினின் மேடை பன்னிரண்டு அங்குலம்தான். இரண்டு பலகையாக வெட்டி ஒட்டலாம் என்றான் அருள்குமார். ஒட்டு தெரியும் என்றாள் அவள். ஜன்னல் கூட இல்லாத நீளமான காரைச் சுவர், அதன் நடுவே ஒரு கோடு விழுந்தால் எத்தனை பெயிண்ட் பூசினாலும் கண் அங்கேதான் போகும். இரண்டு நாள் யோசித்துவிட்டு இரண்டு கதவுகளை எடுத்துவிட்டாள். ஐந்து கதவு, அறுபது அடி, பதினொன்றேகால் அங்குலம். மேடைக்குள் அடங்கியது. சந்தையும் எடை ரூமையும் சேர்க்கவில்லை. ஒவ்வொரு கதவின் அகலமும் உயரமும் சரி, ஓட்டுச் சரிவு சரி, காரையின் நிறம்கூடச் சரி. மூடியில் வழக்கமான வாசகமே அச்சானது.

முப்பத்தொரு பெட்டிகள் விற்றன. இன்னொன்றைத் தானே ஒட்டி, வர்ணம் பூசி, கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, மூடியில் இருந்த சீட்டையும் கூண்டின் அடியில் ஒட்டி, பானுமதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பானுமதி அதை டி.வி.க்குப் பக்கத்தில் வைத்தார். அதன் பிறகு இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. தர்மன் மாரடைப்பில் இறந்தபோது தேவிப்பிரியா போய் மூன்று நாள் கூட இருந்தாள்.

2024 டிசம்பர் மழையில் குடோனின் பின்சுவர் சாய்ந்தது. மீதியும் நிற்காது என்று மாதவராஜ் ஜேசிபி வைத்து இடித்தார். கடைக்கால் கல்லையும் தோண்டி விற்றுவிட்டு, எடை ரூமையும் சேர்த்துத் தள்ளிவிட்டு, முழுக்கக் கிராவல் அடித்து மட்டப்படுத்தினார். அதற்குப் பிறகுதான் தகராறு வந்தது. அண்ணன் தம்பி பாகம் பிரித்த பத்திரத்தில், குடோனும் அது நிற்கும் மனையும் மாதவராஜுக்கு, அதற்குத் தெற்கே உள்ள இடம் முழுவதும் தர்மனுக்கு என்று எழுதியிருந்தது. அடிக்கணக்கு இல்லை. குடோன் கண்ணெதிரே நின்றபோது அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை.

சாலையோரம் மொத்தம் நூற்று நாற்பது அடி. எடை ரூமும் குடோனைச் சேர்ந்ததுதான், வேப்பமரம் வரை, அதாவது தொண்ணூற்றேழு அடி தன்னுடையது என்றார் மாதவராஜ். குடோன் அவ்வளவு நீளம் கிடையாது என்றார் பானுமதி. கணவர் போன பிறகு வியாபாரத்தை அவரே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது பெண்கள் அவரிடம் ஓடும் கொட்டையும் எடுத்துப் புளி தட்டினார்கள். அந்த இடத்தில் சொந்தமாக ஒரு குடோன் போடவும், லாரி உள்ளே வந்து திரும்பவும் அவருக்கு அகலம் தேவைப்பட்டது. கூகுள் மேப்பில் பார்த்தால் மரங்கள் தெற்குப் பாதியை மூடியிருந்தன. செல்போன் படங்களில் கதவு தெரிந்தால் மூலை தெரியவில்லை, மூலை தெரிந்தால் கதவு தெரியவில்லை. கடைசியில் சொந்தக்காரர்கள் பேசி, லைசென்ஸ் சர்வேயர் காளியப்பனை வரச்சொல்லி, அவர் சொல்வதை இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்வது என்று முடிவானது.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை பானுமதி போன் செய்தார். வியாழக்கிழமை சர்வேயர் வருகிறார், நீயும் வந்துவிடு என்றார். "நீ செஞ்சு குடுத்ததுல அஞ்சு கதவுதான இருக்குது. அளவு மாறாததுன்னு சீட்டுல நீயே போட்டிருக்கற. அத ஒரு வார்த்த வாயால சொல்லிட்டாப் போதும், கண்ணு."

நேரில் வந்து பேசுகிறேன் என்று சொல்லி தேவிப்பிரியா போனை வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்து அருள்குமார் மெஷினை நிறுத்தினான். நடந்ததைச் சொன்னாள். இதில் நாம் தலையிட வேண்டாம் என்றான் அவன். நாம் செய்தது பொம்மை, பொம்மையைச் சாட்சிக்கு வைத்தால் அது வைத்தவர்கள் பாடு. அவன் மனதில் இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொன்னான். எஸ் அளவுக்காரர்கள் மொத்தமே ஒரு கிராமத்து ஜனம் அளவுதான். கட்டடத்தில் இரண்டு கதவைக் குறைத்தார்கள் என்று ஒருவருக்குத் தெரிந்தால் எல்லோருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை அவள் பஸ் பிடித்து கம்பைநல்லூர் போனாள். பானுமதி வீட்டின் பின்புறம் பெண்கள் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். இருவரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். தேவிப்பிரியா நோட்டைத் திறந்து பக்கத்தைக் காட்டினாள். மெஷின் மேடை சின்னது, அதனால் தானே இரண்டு கதவை எடுத்துவிட்டேன் என்றாள்.

பானுமதி நோட்டைக் கையில் வாங்கவில்லை. "டேப்போட அந்தத் தலைய நாந்தான புடிச்சேன்," என்றார்.

"ஆமாங்க்கா. ஏழு கதவுக்கும் புடிச்சீங்க."

 பானுமதி குரலை உயர்த்தாமல் பேசினார். மாதவராஜ் எடை ரூமை இடித்ததே சாட்சி இல்லாமல் செய்யத்தான். அதைக் கட்டியது தர்மன், பத்திரம் போட்டதற்குப் பிறகு, தன் இடத்தில், தன் காசில். அந்த மனிதர் ஒரு பொய் சொல்கிறபோது நான் ஒரு கணக்கைச் சொல்லக்கூடாதா என்று கேட்டார். தேவிப்பிரியா நோட்டை மூடினாள்.

"உன்னால சொல்ல முடியாதுன்னா நீ வர வேணாம்," என்றார் பானுமதி. "பொம்ம இருக்குது. சீட்டு இருக்குது. நான் பாத்துக்கறேன்."

புதன்கிழமை முழுவதும் தேவிப்பிரியா ஒரு சிக்னல் கேபினுக்குப் படிக்கட்டு ஒட்டினாள். இரண்டு முறை கோணலாக ஒட்டிப் பிரித்தாள். போகாமல் இருந்துவிட்டால் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் போகாவிட்டாலும் அவள் பெயர் போட்ட சீட்டு போகும், அவளுக்குப் பதிலாகப் பேசும். சாயங்காலம் அருள்குமாரிடம் நாளைக்குப் போகிறேன் என்றாள். அவன் தடுக்கவில்லை. கூட வரட்டுமா என்று மட்டும் கேட்டான். வேண்டாம் என்றாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மொரப்பூரில் இறங்கியபோது கிராவல் மைதானத்தில் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் கண்ணாடிக் கூண்டு இருந்தது. காளியப்பன் அதைத் திறந்து, குனிந்து, ஸ்கேலை வைத்து அளந்துகொண்டிருந்தார். பதினொன்றேகால் அங்குலம். அறுபத்துநாலால் பெருக்கி, அடிக்கு மாற்றி, அறுபது அடி சொச்சமில்லாமல் வருகிறது என்றார். வேலை சுத்தம் என்று பாராட்டவும் செய்தார். மாதவராஜ், பொம்மையை வைத்து நிலம் அளக்கிற ஊரை இன்றுதான் பார்க்கிறேன் என்றார்.

தேவிப்பிரியா முன்னால் போய்த் தான் யார் என்று சொன்னாள். பானுமதி அவளைப் பார்த்தார். பிறகு சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இத செஞ்சது நாந்தாங்க," என்றாள் தேவிப்பிரியா. "இதுல ரெண்டு கதவு குறைச்சலா இருக்குதுங்க. எங்க மெஷினுக்கு அடங்கல, எடுத்துட்டேன். நெசக் கட்டடத்துல ஏழு கதவு."

மாதவராஜின் பக்கத்தில் நின்றவர்கள் சலசலத்தார்கள். பார்த்தீர்களா என்று மாதவராஜ் சர்வேயரைக் கேட்டார். காளியப்பன், சீட்டில் அளவு மாறாதது என்று போட்டிருக்கிறதே என்றார்.

"அது தப்புங்க. நான் போட்ட தப்பு."

அவள் நோட்டை நீட்டினாள். காளியப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தை நிதானமாகப் படித்தார். மேலே தேதி இருந்தது. பத்திரத் தகராறு எழுவதற்கு நான்கு வருஷம் முந்தைய தேதி. ஏழு கதவுகளும் எண் போட்டு வரையப்பட்டிருந்தன. எண்பத்துநாலு அடிக்குப் பிறகு ஒரு கோடு, 'சந்து 3 அடி'. அதற்குப் பிறகு ஒரு கட்டம், 'எடை ரூம், தனிச்சுவர், சிமெண்ட் கல், 10 அடி'. அவர் அதைச் சத்தமாக வாசித்தார். தனிச்சுவர் என்ற சொல்லை இரண்டாவது முறையும் வாசித்தார்.

எடை ரூம் குடோனோடு ஒட்டியே இருந்தது, சந்து கிந்து எதுவும் கிடையாது என்றார் மாதவராஜ். இந்தப் பெண் தம்பி வீட்டுக்கு வேண்டியவள் என்றும் சொன்னார். வேண்டியவளாக இருந்தால் முதலில் எதற்கு ஏழு கதவு என்று சொல்கிறாள் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். 

காளியப்பன் குடோன் தொடங்கிய வடக்கு எல்லைக் கல்லிலிருந்து டேப்பை இழுத்து எண்பத்துநாலாவது அடியில் சுண்ணாம்புக் கோடு போட்டார். கோட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டடி சேர்த்துத் தோண்டச் சொன்னார். இரண்டு ஆட்கள் கடப்பாரை போட்டார்கள். முக்கால் அடி வரை கிராவல். அதற்குக் கீழே வடக்குப் பக்கம் சுண்ணாம்புக் காரைத் துண்டுகளும் கல்சில்லும் கலந்த மண், கோடு பிடித்தாற்போல் கிழக்கு மேற்காக ஓடியது. கோட்டுக்குத் தெற்கே வெறும் செம்மண், கை படாத மண். மூன்றடி தள்ளித் தோண்டியபோது உடைந்த சிமெண்ட் கல் வந்தது. கடைக்கால் கல்லை எடுத்தவர்கள் அடியில் கிடந்ததைக் கூட்டி அள்ளவில்லை.

குடோன் எண்பத்துநாலு அடி, மீதி ஐம்பத்தாறு அடி தர்மன் பாகம் என்று காளியப்பன் சொன்னார். இரண்டு தரப்பாரும் கையெழுத்துப் போட்டார்கள். மாதவராஜ் போட்ட கையெழுத்து தாளைக் கிழித்துவிடும்போல் இருந்தது. பானுமதி மெதுவாகப் போட்டார். குடோன் அறுபது அடிதான் என்று எண்பது அடி கேட்டவருக்கு ஐம்பத்தாறு கிடைத்தது. மாதவராஜ் சொன்னபடி நடந்திருந்தால் நாற்பத்துமூன்று. இந்தக் கணக்கை அங்கேயே ஒருவர் பானுமதியிடம் ஆறுதலாகச் சொன்னார். அவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கண்ணாடிக் கூண்டை மூடி, பையில் வைத்து, ஆட்டோவில் ஏறிப் போனார். தேவிப்பிரியாவிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். நிம்மதி வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். பசிதான் வந்தது.

அந்த வாரக் கடைசியில் குடோன் பெட்டி வாங்கிய முப்பத்தொரு பேருக்கும் கடிதம் எழுதினாள். உண்மையில் ஏழு கதவு, நான் ஐந்தாக்கினேன், மூடியில் போட்டது தவறு என்று எழுதி நோட்டுப் பக்கத்தின் படத்தையும் சேர்த்தாள். அனுப்பும் முன் அருள்குமாரிடம் காட்டினாள். அவன் இரண்டு முறை படித்துவிட்டு அனுப்பு என்றான்.

பத்தொன்பது பேர் பதில் எழுதினார்கள். பலரும் இது தெரிந்த விஷயம்தானே என்றார்கள். யார் வீட்டிலும் முழு நீளக் குடோன் வைக்க இடம் இல்லை, கட்டடம் என்றால் கொஞ்சம் சுருக்கித்தான் செய்வார்கள். அடிலெய்டுக்காரர் தன் மேசைக்காக இன்னும் இரண்டு கதவை அறுத்து எறிந்திருந்தார். இப்போது அங்கே நிற்பது மூன்று கதவுக் குடோன். ஷெஃபீல்டில் இருந்த ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர் மட்டும் வேறு மாதிரி எழுதினார். மற்றவர்கள் சுருக்குவார்கள், நீங்கள் சுருக்கமாட்டீர்கள் என்றுதான் உங்களிடம் வாங்கினேன் என்றார். குடோனோடு சேர்த்து, வாங்கிய நான்கு சரக்கு வண்டிகளையும் திருப்பி அனுப்பினார்.

பார்சல் வந்த அன்று அருள்குமார் வண்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒன்றிலும் ஒரு குறையும் இல்லை.

"என் வண்டிய எதுக்குத் திருப்பணும்?" என்றான்.

 இரண்டு நாள் அவன் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவனே, பெரிய மேடை உள்ள மெஷின் ஒன்று ஓசூரில் பழையதாக வருகிறதாம், போய்ப் பார்க்கலாமா என்று கேட்டான். போனார்கள். அதையே வாங்கினார்கள். ஷெஃபீல்டுக்காரருக்கு அவள் மறுபடியும் ஒரு கடிதம் எழுதினாள், வண்டிகளுக்கும் கட்டடத்துக்கும் சம்பந்தமில்லை, அவற்றைச் செய்தவர் வேறு என்று. அதற்குப் பதில் வரவில்லை.

ஆகஸ்டில் பானுமதி போன் செய்தார். பட்டா உட்பிரிவுக்கு மனுப் போட்டிருப்பதாகவும், நோட்டுப் பக்கத்தின் நகலில் அவள் கையெழுத்து வேண்டும் என்று காளியப்பன் கேட்பதாகவும் சொன்னார். தேவிப்பிரியா மறுநாளே போனாள். மனையில் கடைக்கால் தோண்டியிருந்தது. புது குடோனுக்கு மூன்று கதவு வைக்கப்போவதாகப் பானுமதி சொன்னார். லாரி உள்ளே வந்து திரும்ப முடியாது, சாலையிலிருந்து ரிவர்ஸிலேயே உள்ளே எடுக்க வேண்டும், அதற்கு ஓர் ஆளை நிறுத்த வேண்டும் என்றார். குறையாகச் சொல்லவில்லை. இருக்கிற நிலையைச் சொன்னார்.

கையெழுத்து முடிந்ததும் இருவரும் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தார்கள். பானுமதி பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தார்.

"ஏழுன்னு எனக்கு அப்பவே தெரியும்," என்றார். "தெனமும் பக்கத்துலயே ஒக்காந்து புளி காய வெச்சவ, எண்ணாமயா இருப்பேன்?"

தேவிப்பிரியா தலையை மட்டும் ஆட்டினாள். என்ன சொன்னாலும் அது அவரைக் குத்துவதாகவோ தன்னைத் தேற்றிக்கொள்வதாகவோ ஆகிவிடும் என்று தோன்றியது. பானுமதி அவள் பதிலுக்காகக் காத்திருக்கவும் இல்லை. சோற்றை இரண்டாகப் பிரித்து, மூடியில் ஒரு பங்கை வைத்து அவள் பக்கம் தள்ளினார். கொள்ளுப் பருப்புக் கடைந்தது, உப்பு கொஞ்சம் தூக்கல். சாப்பிட்டு முடிக்கும்போது செங்கல் வண்டி ஒன்று வந்து நின்றது. எங்கே இறக்குவது என்று டிரைவர் கேட்க, பானுமதி கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார்.